காய்ச்சல் வந்துச்சா?

2021 கோடையில் தமிழ்நாட்டில் யார் யாரிடம் தொலைபேசியில் பேசினாலும் முதல் கேள்வி "ஊசி போட்டாச்சா?" என்பதுதான். ஆமாம் என்றால் உடனே அடுத்தது: "காய்ச்சல் வந்துச்சா?"

இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதில்களை வைத்தே ஊர் கொரோனா தடுப்பூசியை எடைபோட்டது. ராத்திரி முழுக்க அனத்திக்கொண்டு கிடந்தவர்கள், இவ்வளவு வீரியமான மருந்தை உடம்பு தாங்குமா என்று பயந்தார்கள். ஒன்றும் ஆகாதவர்கள், மருந்து ஏறவே இல்லையோ என்று கவலைப்பட்டார்கள். என் அத்தை இரண்டாம் ரகம். அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதே முகாமில் அதே நாளில் கோவிஷீல்டு போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு நாற்பத்தெட்டு வயது. அவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது, அத்தை மறுநாள் காலையில் வழக்கம்போல கிரைண்டரில் மாவாட்டிக்கொண்டிருந்தார். "அவனுக்கு நல்லா புடிச்சிருக்கு. எனக்கு வெறும் தண்ணியப் போட்டுட்டாங்க போல" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நோய் வந்தால் தன்னைக் காப்பாற்ற உடம்பில் ஒன்றுமில்லை என்று உண்மையாகவே நம்பினார்.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஊசி இறங்கிய இடத்துக்குள் போக வேண்டும்.

புஜத்தின் மேற்பகுதியில் இருக்கும் டெல்டாய்டு தசையில் அரை மில்லிலிட்டர் மருந்து இறங்குகிறது. கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்சிகளைத் தொற்றும் ஓர் அடினோவைரஸ். மனித உடலில் பெருக முடியாதபடி அதன் மரபணுவில் ஒரு பகுதியை நீக்கிவிட்டு, கொரோனா வைரஸின் முள்புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு டோஸில் இப்படிப்பட்ட துகள்கள் சுமார் 5,000 கோடி. அவை செல்களுக்குள் நுழைகின்றன. செல்கள் அந்தக் குறிப்பைப் படித்து முள்புரதத்தைச் செய்யத் தொடங்குகின்றன. வேற்று டி.என்.ஏ. உள்ளே வந்துவிட்டதை உடலின் முதல் கட்டக் காவல் சில மணி நேரத்தில் மோப்பம் பிடித்துவிடும். இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் என்னும் வேதிச் செய்திகள் ரத்தத்தில் கலக்கின்றன. அவை மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸை எட்டும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து, உடல் வெப்பத்தின் இலக்கு 37 டிகிரியிலிருந்து 38, 39 என்று ஏற்றி வைக்கப்படுகிறது. உடம்பு இன்னும் 37இல்தான் இருக்கிறது. மூளைக்கோ இப்போது அது குளிர். மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டது இதனால்தான். நடுக்கம் என்பது தசைகள் படபடவென்று சுருங்கி அந்த இரண்டு டிகிரியை உண்டாக்கும் முயற்சி. முகாமில் பேப்பரில் மடித்துக் கொடுத்த பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைக் குறைக்கிறது. இலக்கு பழையபடி இறங்குகிறது. உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது.

இத்தனையும் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். காலையில் ஊசி, சாயங்காலம் வரை ஒன்றுமில்லை, ராத்திரி தூக்கிப்போட்டது, அடுத்த நாள் மாலை சரியாகிவிட்டது என்று ஊரே ஒரே கதையைச் சொன்னதற்குக் காரணம் இந்தக் கால வரிசை.

நமக்குப் பாதுகாப்பு தரப்போகும் வேலை அப்போது தொடங்கியிருக்கக்கூட இல்லை. தசையில் முள்புரதத்தைக் கண்டெடுத்த டென்ட்ரிடிக் செல்கள் அதை எடுத்துக்கொண்டு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. சிலருக்கு அங்கே நெறிகட்டியதை நினைவிருக்கலாம். அந்த முடிச்சுக்குள் லட்சக்கணக்கான பி செல்கள், டி செல்கள் மத்தியில், இந்தப் புரதத்தோடு தற்செயலாகப் பொருந்துகிற மிகச் சில செல்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைத்தவை பெருக வேண்டும். பெருகும்போது பி செல்கள் தம் மரபணுவைச் சற்றே மாற்றிமாற்றிப் பார்க்கின்றன. நன்றாகப் பொருந்துபவை தப்பிப் பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பயிற்சி வாரக்கணக்கில் நடக்கும். அளக்கக்கூடிய அளவுக்கு எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ரத்தத்தில் சேர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் நமக்கு வலியில்லை, காய்ச்சலில்லை, எதுவுமே தெரியாது.

ஆக, நாம் உணர்ந்தது ஒன்று. நம்மைக் காத்தது வேறொன்று. இரண்டுக்கும் தொடர்பே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலாவதை வைத்து இரண்டாவதை அளக்க முடியாது. கோவிஷீல்டை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு 2020 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், வயது கூடக்கூட காய்ச்சலும் உடல்வலியும் குறைந்துகொண்டே போயின. இரண்டாவது டோஸுக்குப் பிறகு எதிர்ப்புரதத்தை அளந்தபோதோ எழுபது வயதுக்காரர்களும் இளைஞர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். மாவாட்டிக்கொண்டிருந்த அத்தைக்கும் போர்வைக்குள் கிடந்தவருக்கும் உள்ளே நடந்தது ஒன்றேதான்.

இன்னொரு தடுப்பூசியான கோவேக்சின் போட்டவர்களில் பலருக்குக் காய்ச்சல் வராததற்குக் காரணம் வேறு. அதில் இருப்பது வேதிப்பொருளால் முழுவதும் செயலிழக்கச் செய்யப்பட்ட கொரோனா வைரஸ். அது எந்தச் செல்லுக்குள்ளும் போய் எதையும் செய்யச் சொல்வதில்லை. கூடவே இருக்கும் அலுமினியக் கூழ்மமும் இன்னொரு தூண்டுபொருளும்தான் காவல் செல்களை அழைத்து வருகின்றன. ஆர்ப்பாட்டம் குறைவு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கொரோனா தடுப்பூசி ஆய்வுகள் பலவற்றில் ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி போட்டிருந்தார்கள். தனக்கு எது போடப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022 ஜனவரியில் ஒரு கட்டுரை வந்தது. மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் முதல் ஊசிக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தலைவலி, களைப்பு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தலைவலி என்பது எப்போதும் நம்மோடு இருப்பது. எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது அது கண்ணில் படுகிறது, கவலை அதைக் கூட்டவும் செய்கிறது. அந்த வலி வலிதான். அதற்குக் காரணம் மட்டும் குப்பிக்குள் இல்லை.

காய்ச்சலுக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் நினைவில் நிற்பது காத்திருப்பு. முன்பதிவுக்கான கோவின் தளத்தில் இடம் தேடியது ஒருபுறம். முகாமுக்குள் வந்து, ஆதார் எண்ணைப் பதிந்து, டோக்கனும் வாங்கிய பிறகு "பத்துப் பேர் சேரட்டும்" என்று உட்கார வைத்ததுதான் பலருக்கு எரிச்சலை மூட்டியது. நான் இரண்டாவது டோஸ் போட்டுக்கொண்டது ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். கரும்பலகையில் பெருக்கல் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் எட்டுப் பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். "மருந்துதான் இருக்குல்ல, போட்டு அனுப்ப வேண்டியதுதானே?" என்று ஒரு பெரியவர் செவிலியரிடம் கோபித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு பேர் வந்துட்டா திறந்துடுவேன்ப்பா, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார் அவர். திறக்கவில்லை.

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். அதில் கிருமிகள் வளராமல் தடுக்கும் பதப்பொருள் எதுவும் கிடையாது. ரப்பர் மூடியை ஊசி ஒருமுறை துளைத்துவிட்டால், நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. எட்டுப் பேருக்குத் திறந்து, மேற்கொண்டு யாரும் வராமல் போனால் இரண்டு பேரின் மருந்து வீண். அந்த மே, ஜூன் மாதங்களில் மருந்துக்கு மாநிலங்கள் தவித்துக்கொண்டிருந்தன. (கோவேக்சினில் பதப்பொருள் உண்டு, திறந்த குப்பியைக் குளிரில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று பிற்பாடு அனுமதி வந்தது.)

பத்தாவது ஆள் வந்ததும் செவிலியர் ஐஸ் கட்டிகள் அடுக்கிய நீலப் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, திறந்த நேரத்தை லேபிளின் ஓரத்தில் பேனாவால் எழுதினார். ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச். மறுபடி இழுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் குப்பியைத் தலைகீழாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, அரை மில்லிலிட்டர் கோட்டில் மருந்து நிற்கும்வரை இமைக்காமல் பார்த்தார். பத்துப் பேருக்கும் போட்டு முடித்த பிறகும் அவர் குப்பியைத் தூக்கிப் போடவில்லை. சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில் கொஞ்சம் தேங்கியிருந்தது. வாசலில் எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பள்ளி உதவியாளரை, "அக்கா, நீங்க வாங்க" என்று கூப்பிட்டார். பதினோராவது டோஸ் அவருக்கு.

சிரிஞ்சிலும் ஊசியிலும் தங்கி வீணாகும் துளிகளை ஈடுகட்டக் குப்பியில் சற்றுக் கூடுதலாகவே நிரப்பியிருப்பார்கள். கை கச்சிதமாக இருந்தால் அந்தக் கூடுதல் இன்னொரு ஆளாக மாறும். 2021 மே மாதத் தொடக்கத்தில் கேரளம், தனக்கு வந்த 73 லட்சத்துச் சொச்சம் டோஸ்களை வைத்து 74 லட்சத்துக்கும் மேல் போட்டிருந்தது. ஏறத்தாழ 87,000 பேர் இப்படி மிச்சம் பிடிக்கப்பட்ட துளிகளால் பாதுகாப்புப் பெற்றார்கள். பெருந்தொற்றின் வரலாற்றை எழுதுபவர்கள் ஆய்வகங்களைப் பற்றி நிறைய எழுதுவார்கள். குப்பியைச் சாய்த்துப் பார்த்த செவிலியர்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் சேர வேண்டும்.

ஊசி மீதான பயத்தைப் பேசும்போது, ஏப்ரலில் நடந்த ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. 2021 ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோர் கண்முன்னும் கோவேக்சின் போட்டுக்கொண்டார். மக்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததென்று மருத்துவர்கள் விளக்கினார்கள். அப்படிப்பட்ட அடைப்புக்கு அடிப்படையான கொழுப்புப் படிவு ஒரே நாளில் உருவாவதில்லை. தடுப்பூசிக்குப் பிந்தைய விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அக்டோபரில் சொன்னது. ஆனால் ஏப்ரலில் மனசு கேட்ட கேள்வி எளிமையானது: நேற்று ஊசி, இன்று மரணம், வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அந்தக் கேள்வியை மூடத்தனம் என்று தள்ளியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில் காரணம் தேடுவது மனிதன் உயிர் பிழைக்கக் கற்ற வழி. காட்டில் ஒரு காயைத் தின்றவன் செத்தால் அந்தக் காயைத் தொடாமல் இருப்பதே புத்தி. லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்யும்போது மட்டும் இந்த வழி நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெருந்தொற்று இல்லாத ஆண்டிலும் இந்தியாவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 25,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் 45 வயதைத் தாண்டியவர்கள் என்று வைத்துக்கொண்டால் 18,000க்கும் மேல். அந்த வயதினர் நாட்டில் 34 கோடிக்கு மேல். அவர்களில் ஒரு நாளில் 30 லட்சம் பேருக்கு ஊசி போட்டால், அது நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால், ஊசியில் வெறும் உப்புநீர் இருந்தாலும், அடுத்த 24 மணி நேரத்துக்குள் அந்தக் கூட்டத்தில் 150 பேருக்கு மேல் இறந்திருப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் முகாமுக்கு வரமாட்டார்கள் என்று பாதியைக் கழித்தாலும் எழுபது, எண்பது பேர் மிஞ்சுவார்கள். ஒவ்வொரு நாளும். அந்த எண்பது குடும்பங்களுக்கும் "நேற்றுதானே ஊசி போட்டார்" என்பது கண்ணால் கண்ட உண்மை.

இந்த எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இறப்பு நடக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அப்படிக் கேட்டதால்தான் உண்மையான ஆபத்து ஒன்றும் வெளிப்பட்டது. 2021 மார்ச்சில் ஐரோப்பாவில், ஆஸ்ட்ராஜெனகா ஊசி (இங்கே கோவிஷீல்டு என்ற பெயரில் வந்தது) போட்ட சிலருக்கு மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்தது. அதே சமயம் ரத்தத் தட்டணுக்கள் குறைந்தும் இருந்தன. பொதுவாகச் சேர்ந்து வராத இரண்டு. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் கிரைனாகர் குழு, தட்டணுவிலிருந்து வரும் ஒரு புரதத்துக்கு எதிராக எதிர்ப்புரதம் உருவாவதே காரணம் என்று கண்டுபிடித்தது. ஏப்ரல் 7ஆம் தேதி ஐரோப்பிய மருந்து முகமை இதை மிக அரிய பக்கவிளைவு என்று அறிவித்தது. மே மாதத்தில் பிரிட்டன் 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேறு ஊசியைப் பரிந்துரைத்தது. இந்தியாவின் தேசியக் குழு அதே மாதம் பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்று பதிவான கணக்கைச் சொன்னது. ஐரோப்பிய விகிதம் இதைவிடக் கூடுதல். இந்தத் தகவல் முகாம்களில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொல்லாமல் விட்டதன் விலையை 2024இல் பார்த்தோம். லண்டன் வழக்கு ஒன்றில் ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம் இதே பக்கவிளைவை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்ததும், மூன்றாண்டுக்கு முன் ஊசி போட்டவர்கள் தூக்கமிழந்தார்கள். இந்த உறைவு பெரும்பாலும் ஊசி போட்ட நான்காம் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வருவது. மூன்று ஆண்டு கழித்து வருவதல்ல.

பெண்கள் சொன்ன ஒன்றையும் எண்ணிப் பார்க்கத் தாமதித்தோம். 2021 ஏப்ரலில், மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் ஊசி போடக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பொய்ச் செய்தி பரவியது. அதை மறுத்த வேகத்தில், "எனக்கு இந்த மாசம் தள்ளிப்போச்சு" என்று சொன்ன பெண்களையும் சேர்த்தே வதந்திக் கணக்கில் தள்ளிவிட்டார்கள். தடுப்பூசி ஆய்வுகளில் இதைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை. பிறகு அமெரிக்காவில், மாதவிடாய் நாளைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றிலிருந்து ஏறத்தாழ 4,000 பெண்களின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே போடப்பட்டவை பெரும்பாலும் எம்.ஆர்.என்.ஏ. ஊசிகள். சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போயிருந்தது. பெண்கள் சொன்னது உண்மைதான். பயப்பட வேண்டிய அளவில் இல்லை என்பதும் உண்மை. முதலிலேயே கேட்டிருந்தால் பல பெண்கள் பயமில்லாமல் வந்திருப்பார்கள்.

காய்ச்சல், காத்திருப்பு, தள்ளிப்போன நாள் எல்லாம் நமக்குத் தெரிந்தவை. தடுப்பூசியின் பலன் எப்படித் தெரியும்? வராமல் போன மூச்சுத்திணறலை யார் உணர முடியும்?

அதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் சென்னையில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழ்நாடு காவல் துறையினர் 1,17,524 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. காலம் 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை. இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். சாலையில் நின்றவர்கள், ஊரடங்கைக் காத்தவர்கள். ஊசி போட்டுக்கொள்ளாத 17,059 பேரில் 20 பேர் கொரோனாவால் இறந்தார்கள். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டு டோஸும் போட்ட 67,673 பேரில் 4 பேர்.

ஊசி போடாதவர்களின் விகிதத்திலேயே இரண்டு டோஸ்காரர்களும் இறந்திருந்தால் அந்த எண்ணிக்கை 79 ஆக இருந்திருக்கும். ஊசி போடாதவர்களில் ஏற்கெனவே நோயுள்ளவர்கள் அதிகம் இருந்திருக்கலாம், அதனால் இதைக் கறாரான கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதையெல்லாம் விட்டுப் பார்த்தாலும் பல பத்துப் பேர் அந்தக் கோடையைத் தாண்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியாது. ஊசி என்ன செய்தது என்று கேட்டால், கை வலித்தது என்பார்கள்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது வீட்டுக்கு வீடு இன்னொரு பேச்சு கிளம்பியது: "ரெண்டு ஊசி போட்டும் வந்துடுச்சே." இதற்கும் உடற்கூற்றில் பதில் உண்டு. கையில் போடும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்புரதத்தை நிறைக்கிறது; வைரஸ் இறங்கும் மூக்கின் ஈரச் சவ்வில் அது குறைவாகவே சேர்கிறது. ரத்தத்தில் இருப்பதும் சில மாதங்களில் குறையும். நிணநீர் முடிச்சில் பயிற்சி பெற்று எஞ்சிய நினைவுச் செல்கள் மட்டும் தங்கியிருக்கும். அவை விழித்துப் பெருகிப் புதிய எதிர்ப்புரதம் செய்ய மூன்று, நான்கு நாளாவது வேண்டும். அதற்குள் ஒமிக்ரான் மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடும். சளி, தொண்டை வலி, காய்ச்சல் எல்லாம் வரும். நுரையீரலின் அடிவரை போவதற்கு வைரஸுக்கு இன்னும் சில நாள் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் நினைவுச் செல்கள் தயாராகிவிட்டிருந்தன. ஒமிக்ரானின் முள்புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்ததால் பழைய எதிர்ப்புரதங்கள் பல தடுமாறின. டி செல்கள் அப்படித் தடுமாறவில்லை. அவை புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பார்ப்பவை. துண்டுகளில் பெரும்பாலானவை மாறாமல் இருந்தன.

மூக்கிலேயே தடுக்க முடியாதா என்ற கேள்வியோடு பல குழுக்கள் வேலை செய்தன. பாரத் பயோடெக்கின் இன்கோவேக், மூக்கில் சொட்டுகளாக விடும் தடுப்பு மருந்து, 2023 ஜனவரி 26ஆம் தேதி அறிமுகமானது. அதற்குள் அலை ஓய்ந்துவிட்டது. போட்டுக்கொள்ள வந்தவர்கள் மிகக் குறைவு. மூக்கின் ஈரச் சவ்வில் அது எழுப்பும் பாதுகாப்பு தொற்றையே நிறுத்துமா, எத்தனை மாதம் நிற்கும் என்பதைக் காவல் துறை ஆய்வைப் போல லட்சம் பேரில் எண்ணிப் பார்க்கும் வேலை மிச்சமிருக்கிறது.